தந்தமில்லாத யானைகளின் காடு: கொரொங்கோசாவில் ஒரு கமராவுடன்

ஆபிரிக்க சபாரி என்றதும் பலருக்கும் கென்யாவின் மசாய் மாராவும் தன்சானியாவின் செரங்கெட்டியும்தான் நினைவுக்கு வரும். நானும் முதலில் அங்கு போகத்தான் பணம் சேர்த்தேன். பிறகு மொசாம்பிக்கின் கொரொங்கோசா தேசியப் பூங்காவைப் பற்றி வாசித்தேன். போரில் அழிந்து, போரின் பின் மீண்டெழுந்து வரும் காடு அது. பரந்தனில் பிறந்து, இடப்பெயர்வுகளில் வளர்ந்து, இன்று லண்டனில் வாழும் எனக்கு அதைப் பார்க்காமல் விட மனம் வரவில்லை.

நான் தொழில்முறைப் படப்பிடிப்பாளன் அல்லன். வார இறுதியில் பூங்காக்களில் குருவி படம் எடுப்பவன். கையில் இருந்தது பழைய கமரா ஒன்றும் 150-600 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும்தான்.

ஜோகன்னஸ்பேர்க்கிலிருந்து பெய்ரா நகருக்கு விமானம், அங்கிருந்து சில மணிநேரத் தரைப்பயணம். பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீற்றர். நடுவில் உரேமா ஏரி, அதைச் சுற்றி வெள்ளச் சமவெளி, வடமேற்கே 1,863 மீற்றர் உயரமான கொரொங்கோசா மலை. மழைக்காலத்தில் சமவெளி நீரில் மூழ்கிவிடும் என்பதால் அந்த மாதங்களில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. நான் போனது செப்ரெம்பரில். புல் காய்ந்து, விலங்குகள் நீரைத் தேடி ஏரிப்பக்கம் ஒதுங்கும் காலம். மலேரியா உள்ள இடம். மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

இந்தக் காட்டின் கதையை அறியாமல் அங்கு எடுக்கும் படங்களுக்குப் பொருள் இல்லை. போர்த்துக்கேயர் ஆட்சியில் 1960இல் இது தேசியப் பூங்காவானது. அறுபதுகளின் இறுதியில் கென்னத் ரின்லி என்ற தென்னாபிரிக்கச் சூழலியலாளர் வானிலிருந்து கணக்கெடுத்தபோது சுமார் 2,200 யானைகளும் 14,000 எருமைகளும் இருந்தன. சிங்கங்கள் ஏறத்தாழ 200. சுதந்திரம் 1975இல் கிடைத்தது. 1977இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பூங்காவின் சித்தெங்கோ முகாம் 1981இன் இறுதியில் தாக்கப்பட்டது. 1983இல் பூங்காவை மூடினார்கள். அதன்பின் காடே போர்க்களம். இறைச்சிக்காகவும், தந்தத்தை விற்று ஆயுதம் வாங்கவும் விலங்குகள் கொல்லப்பட்டன. 1992இல் சமாதானம் வந்த பின்னும் ஓயவில்லை; அடுத்த இரண்டு ஆண்டுகளில் இறைச்சி வியாபாரத்துக்காக வேட்டையாடியவர்கள் எஞ்சியவற்றையும் முடித்தார்கள். பெருவிலங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன.

முதல் இரண்டு நாட்களில் நான் அதிகம் எடுத்தது வோட்டர்பக் என்ற பெரிய மான்களைத்தான். பின்புறத்தில் வெள்ளை வளையம் கொண்டவை. போருக்கு முன் சுமார் 3,500 இருந்த இந்த இனம் இப்போது 50,000ஐத் தாண்டிவிட்டது. தின்பதற்கு ஆளில்லை, புல்லுக்குப் போட்டியிட எருமையும் இல்லை. காடு திரும்பி வந்தது, ஆனால் பழைய காடாக வரவில்லை. அந்தி வெயிலை எதிரே வைத்து எடுத்தால் மயிரோரம் பொன் கோடாக மின்னும். நான் எடுத்தவற்றில் நல்ல படங்கள் அவைதான்.

புதிதாகப் போகிறவர்களுக்கு அனுபவத்தில் சொல்கிறேன். வாகனத்தில் முக்காலி பயன்படாது. ஒரு துணிப்பையில் பயறு நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்து லென்ஸைச் சாய்த்தால் போதும். வெறும் பையைக் கொண்டுபோய் அங்கே நிரப்பினால் பயணப்பொதியில் பாரம் மிச்சம். இஞ்சின் ஓடும்போது எடுக்கும் படம் நடுங்கும். சாரதியிடம் நிறுத்தச் சொல்லத் தயங்க வேண்டாம். விலங்குக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமும் பறக்கும் பறவைக்கு அதன் பாதி நேரமும் வைத்தேன். ஐஎஸ்ஓ கூடிப் படம் புள்ளி புள்ளியானாலும் பரவாயில்லை, அசைந்த படத்தைத் திருத்த முடியாது. வெட்டவெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். நான் ஒருமுறை மாற்றினேன். வீடு வந்து பார்த்தால் அதன்பின் எடுத்த ஒவ்வொரு படத்தின் வானத்திலும் அதே மூன்று தூசுப் புள்ளிகள். காலை ஒன்பது மணிக்குப் பிறகு தூரத்துக் காட்சிகளைக் கானல் கலைத்துவிடும். அந்த நேரத்தில் நித்திரை கொள்ளலாம்.

நான் தேடிப் போனது யானைகளை. இதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் வன்னிக் காட்டு யானைகளில் பெரும்பாலான ஆண்களுக்கே தந்தம் கிடையாது, பெண்களுக்கு வெளித்தெரியும் தந்தம் இல்லவே இல்லை. அதனால் தந்தமில்லாத யானையை நாங்கள் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஆபிரிக்க யானை அப்படியல்ல; ஆண் பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. கொரொங்கோசாவில் போருக்கு முன் பெண் யானைகளில் நூற்றுக்கு 18.5 மட்டுமே தந்தமில்லாதவை. போரின் பின் அது ஏறத்தாழ 51 ஆனது. தந்தம் உள்ளவற்றைச் சுட்டார்கள், இல்லாதவை தப்பிப் பிழைத்தன. தப்பியவை தம் பெண் குட்டிகளுக்கும் அந்த இயல்பைக் கொடுத்தன. எக்ஸ் குரோமோசோமில் வரும் இந்த மாற்றம் ஆண் கருவுக்கு உயிராபத்தானது என்றும், அதனாலேயே தந்தமில்லாத ஆண் யானை அங்கே காணப்படுவதில்லை என்றும் 2021இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வந்த கட்டுரை விளக்கியது.

மூன்றாம் நாள் மாலை, மஞ்சள் பட்டை வேல மரங்களுக்கிடையே ஒரு கூட்டத்தைக் கண்டோம். முன்னால் நின்ற தாய்த்தலைவிக்குத் தந்தமில்லை. வழிகாட்டி வாகனத்தை வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமே என்று கேட்டேன். அவர் மறுத்தார். “அவளுக்கு நாற்பது வயதுக்கு மேல். போர் நேரத்தில் குட்டியாக இருந்தவள்” என்றார். பணம் செலவழித்து வந்தவன் என்ற எண்ணம் என்னை விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் சற்று முன்னே எடுத்தார்.

அவள் காதுகளை விரித்தாள். குட்டிகள் ஒரு நொடியில் பெரியவற்றின் கால்களுக்கிடையே மறைந்தன. பிறகு அவள் ஓடி வந்தாள். வழிகாட்டி பின்னோக்கி வாகனத்தை எடுத்த வேகத்தில் என் கமரா கதவில் மோதியது. அவள் நின்று, தலையை உலுப்பி, திரும்பிப் போனாள். வழிகாட்டி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் கூடுதலாக வெட்கத்தைத் தந்தது. இங்குள்ள யானைகள் வாகனங்களை வெறுப்பதைப் பற்றி யானை ஆய்வாளர் ஜொய்ஸ் பூல் உள்ளிட்டோர் எழுதியிருக்கிறார்கள். அதை வாசித்துவிட்டுத்தான் போயிருந்தேன். வாசித்தும் கேட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைத்தொலைபேசியில் எடுக்கும் படத்தில் இடக்குறிப்பு பதியும். காண்டாமிருகம், எறும்புண்ணி போன்றவற்றின் படத்தை அந்தக் குறிப்போடு இணையத்தில் போடுவது வேட்டைக்காரனுக்கு வழி காட்டுவதாகும். அமைப்பில் போய் அதை நிறுத்திவிட்டுத்தான் கேற்றுக்குள் நுழைய வேண்டும்.

பூங்கா எப்படி மீண்டது? 1994இல் புனரமைப்புத் தொடங்கியபோது காவலர்களாகச் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் முன்னாள் படையினர். 2004இல் அமெரிக்கரான கிரெக் கார் உதவிக்கு வந்தார். 2008இல் அரசாங்கத்துடன் இருபது ஆண்டு உடன்படிக்கை ஆனது. தென்னாபிரிக்காவின் குறூகர் பூங்காவிலிருந்து எருமைகள் வந்தன. 2018இல் காட்டு நாய்கள் பதினான்கு வந்தன. மலைச்சாரலில் மர நிழலில் கோப்பி பயிரிடுகிறார்கள். அழிந்த மழைக்காடும் அதோடு வளர்கிறது. இவை தானாக நடந்தவை அல்ல. இடையில் 2013இல் மறுபடி சண்டை வந்தது. 2019 மார்ச்சில் இடாய் சூறாவளி அடித்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி, அரசாங்கமும் ரெனாமோவும் மோதல் நிறுத்த உடன்பாட்டில் ஒப்பமிட்டது இந்தப் பூங்காவுக்குள்ளேதான்.

மொசாம்பிக் 2015இல் மிதிவெடிகள் அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அங்கே மிதிவெடி அகற்றிய ஹலோ ட்ரஸ்ட் எங்கள் வடக்கிலும் வேலை செய்கிறது. சமவெளியில் ஒற்றையடிப் பாதையைக் கண்டபோதெல்லாம் என் கால் தன்னையறியாமல் தயங்கியது. முன்னே நடந்த வழிகாட்டிக்குத் தயக்கம் இல்லை.

ஊர் திரும்பி அம்மாவுக்குப் படங்களைக் காட்டினேன். மான்களையும் நாரைகளையும் வேகமாகத் தள்ளிக்கொண்டு போனார். கடைசியில் அந்தத் தாய்த்தலைவியின் படம்: தூசி, ஒரு காது, சரிந்த அடிவானம், எதுவும் தெளிவில்லை. அழிக்க மறந்திருந்தேன். அம்மா அதில் நிறுத்தினார்.

“குட்டியள் எங்க?” என்று கேட்டார்.

பின்னால் நிற்கின்றன, படத்தில் விழவில்லை என்றேன்.