மதுவும் நெடுஞ்சாலையும்: தமிழ்நாட்டுச் சாலைப் பாதுகாப்பின் வரலாறு

திண்டுக்கல் மாவட்டத்தின் நிலக்கோட்டை, பூச்சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். இதன் கிழக்கே கொடைரோடு வழியாக, சீநகர் – கன்னியாகுமரி தேசிய நெடுஞ்சாலை (எண் 44) செல்கிறது. மேற்கே வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கும் தேனிக்கும் வண்டிகள் போகின்றன. பூ வாடுவதற்குள் சந்தை சேர வேண்டும் என்பதால் இங்கு வாழ்வு சாலையை நம்பியே இருக்கிறது. இத்தகைய ஊர்களின் சாலைகள் எந்தப் பணத்தில் அமைந்தன, அவற்றில் போதையில் வண்டி ஓட்டுவதைத் தடுக்கச் சட்டம் எவ்வாறு வளர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சாலைக்கான பணம்

பிரித்தானிய ஆட்சியில் மோட்டார் வண்டிகள் பெருகியபோது, சாலைச் செலவை ஆராய எம். ஆர். ஜெயகர் தலைமையில் 1927-ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைப்படி 1929-ல் பெட்ரோல் மீது கூடுதல் வரி விதித்து மத்திய சாலை நிதி உருவாக்கப்பட்டது. சாலையைப் பயன்படுத்துவோரே அதற்குப் பணம் தரவேண்டும் என்ற கொள்கை அப்போது வேரூன்றியது. 2000-ஆம் ஆண்டில் இந்த நிதிக்குத் தனிச்சட்டம் இயற்றப்பட்டு, பெட்ரோலுடன் டீசல் மீதும் மேல்வரி விதிக்கப்பட்டது. நான்குவழிச் சாலைகள் பெருகியதில் இந்த வருவாய்க்கும் சுங்கக் கட்டணத்துக்கும் பெரும்பங்கு உண்டு. சாலை அகன்றதால் வேகம் கூடியது. வேகம் கூடியதால் ஓட்டுநரின் சிறு தடுமாற்றமும் உயிரைப் பறிக்கும் நிலை வந்தது.

மதுவிலக்கும் மது வருவாயும்

சென்னை மாகாணத்தில் ராஜாஜி 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-ல் விலக்கு தளர்த்தப்பட்டு, 1974-ல் மீண்டும் வந்து, 1981-ல் மறுபடி தளர்ந்தது. மொத்த விற்பனைக்காக 1983-ல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) தொடங்கப்பட்டது. 2003 இறுதியில் சில்லறை விற்பனையையும் அதுவே ஏற்றது. இதனால் சாலையில் குடிபோதையைத் தடுக்கவேண்டிய அரசே, சாலையோரத்தில் மது விற்கும் அரசாகவும் ஆனது.

சட்டத்தின் வளர்ச்சி

குருதியில் மது அளவுக்கு எல்லை வகுக்கும் சட்டத்தை நார்வே 1936-லேயே கொண்டுவந்தது. பிரிட்டன் 1967-ல் 100 மில்லிலிட்டர் குருதிக்கு 80 மில்லிகிராம் என வரம்பு வைத்தது. இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு, 1994-ல் திருத்தப்பட்ட பின், 30 மில்லிகிராம் என்ற வரம்பைக் கொண்டது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 2,000 ரூபாயாக இருந்தது. 2019 திருத்தம் அதை 10,000 ரூபாயாக உயர்த்தியது. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

மதுவல்லாத போதைப்பொருளுக்கும் இதே பிரிவு பொருந்தும். ஆனால் அதற்கு எண்ணளவு எதுவும் இல்லை. வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் ஓட்டுநர் இருந்தார் என்று நிறுவவேண்டும். மூச்சுச் சோதனைக் கருவி மதுவை மட்டுமே காட்டும். கஞ்சாவையோ மயக்க மாத்திரையையோ காட்டாது. 2019 திருத்தம் ஆய்வகச் சோதனையையும் சேர்த்தது. பிரிட்டனிலோ 2015 முதல் பல போதைப்பொருள்களுக்குத் தனித்தனி வரம்பு உள்ளது. சாலையிலேயே உமிழ்நீர்ச் சோதனையும் நடக்கிறது.

நீதிமன்றத்தின் தலையீடு

கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2014-ல் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. நெடுஞ்சாலை மதுக்கடைகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் கே. பாலு நடத்திய வழக்கும் உச்ச நீதிமன்றம் சென்றது. 2016 டிசம்பர் 15-ல், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன.

ஆனால் தடை முழுமையாக நிலைக்கவில்லை. 20,000 பேருக்கு மிகாத உள்ளாட்சிகளுக்குத் தொலைவு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. பின்னர் நகராட்சிப் பகுதிகளுக்கு விலக்கு கிடைத்தது. சண்டிகரில் நெடுஞ்சாலைகள் உள்ளூர்ச் சாலைகளாக வகை மாற்றப்பட்டன. சாலை அதே சாலைதான். பெயர் மட்டும் மாறியது.

விளைவும் படிப்பினையும்

தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் 2016-ல் 17,218 பேர் இறந்தனர். 2019-ல் அது 10,525 ஆகக் குறைந்தது. ஆனால் 2023-ல் 18,000-ஐத் தாண்டியது. இடையில் ஏற்பட்ட குறைவுக்குக் கடைமூடல் ஒன்றே காரணம் எனச் சொல்ல முடியாது. காவல்துறைச் சோதனை, ஆபத்தான இடங்களைச் சீரமைத்தல், விரைவான அவசரச் சிகிச்சை ஆகியவையும் சேர்ந்தே பயன் தரும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணிநேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தருகிறது.

நல்ல சாலைக்குச் செலவிடும் பணம் உயிரைக் காக்கும் பணமாக வேண்டுமெனில், தார் போடுவதோடு செலவு நின்றுவிடக்கூடாது. சோதனைக் கருவி, ஆய்வகம், பயிற்சி பெற்ற காவலர், மருத்துவமனை ஆகியவையும் சாலையின் பகுதிகளே. இரவு முழுவதும் வண்டிகள் ஓடும் நிலக்கோட்டை போன்ற ஊர்களுக்கு இவை இன்றியமையாதவை.