கிறிஸ்துமஸ் விற்பனையா, விடுமுறைக் கால விற்பனையா? – விளம்பரங்களில் திருவிழாவின் பெயர்

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வருவதற்கு முன்பே கடைவீதிகளில் விண்மீன்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. ஜவுளிக் கடை, நகைக் கடை, பேக்கரி, கைபேசிக் கடை என எல்லா வாசல்களிலும் தள்ளுபடி அறிவிப்புகள். சில கடைகள் 'கிறிஸ்துமஸ் சிறப்பு விற்பனை' என்று எழுதுகின்றன. சில 'ஆண்டு இறுதி விற்பனை' என்கின்றன. பெருநகரங்களின் வணிக வளாகங்களிலும் இணைய விற்பனையிலும் 'ஹேப்பி ஹாலிடேஸ்', 'சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்' என்ற வாழ்த்துகளையும் பார்க்கிறோம். நம் ஆண்டவரின் பிறப்பு விழாவை அதன் பெயராலேயே சொல்லவேண்டும் என்று வணிகர்களிடம் நாம் கேட்கலாமா? கேட்பது முறைதானா?

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் பகுதியில் வாழும் நமக்கு இது தொலைதூரக் கேள்வி அல்ல. வாழ்த்து அட்டை, காலண்டர், டைரி, பரிசுப்பெட்டி, பட்டாசுக் கட்டின் மேலுறை ஆகியவற்றில் அச்சாகும் சொற்கள் இங்குள்ள அச்சகங்களின் வழியாகத்தான் நாடெங்கும் போகின்றன. ஆகவே இதன் பின்னணியைச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

சொற்களின் பொருள்

'கிறிஸ்துமஸ்' என்பது பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். 'கிறிஸ்துவின் திருப்பலி' என்பதே அதன் பொருள். ஒரு வழிபாட்டின் பெயரே விழாவின் பெயராகிவிட்டது. திருப்பலிக்குச் செல்லாமல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறோம் என்றால், பெயரில் பாதியை விட்டுவிடுகிறோம் என்றே பொருள்.

'ஹாலிடே' என்ற சொல்லின் வேரும் 'புனித நாள்' என்பதே. காலப்போக்கில் புனிதம் மறைந்து, வேலை இல்லாத நாள் என்ற பொருள் மட்டும் தங்கிவிட்டது. தமிழில் இந்த இரண்டும் வெவ்வேறு சொற்கள். 'திருநாள்' என்றால் ஒன்று, 'விடுமுறை' என்றால் வேறொன்று. அதனால்தான் திருநாளை 'விடுமுறை' என்று யாராவது சொன்னால் ஆங்கிலேயரைவிடத் தமிழர் காதில் அது அதிகம் உறுத்துகிறது.

'எக்ஸ்மஸ்' என்று எழுதுவதைக் கண்டு சிலர் வருந்துகிறார்கள். கிறிஸ்துவை வெட்டி எறிந்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அந்த 'எக்ஸ்', கிரேக்க மொழியில் 'கிறிஸ்து' என்ற சொல்லின் முதல் எழுத்து. கிறிஸ்தவர்களே நெடுங்காலமாகப் பயன்படுத்திய சுருக்கம் அது. எனவே அதைக் கண்டு கோபப்படத் தேவையில்லை.

நாள்காட்டியும் வாழ்த்து அட்டையும்

டிசம்பர் 25 கிறிஸ்து பிறந்த நாளாக உரோமையில் கொண்டாடப்பட்டதற்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று எது? ஒரு காலண்டர்தான். 354ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தத் தொகுப்பை, ஃபிலோகாலஸ் என்ற எழுத்துக்கலைஞர் வாலண்டினுஸ் என்ற செல்வந்தருக்காக உருவாக்கினார். அதிலுள்ள பட்டியல் 336ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டது என்பர். பிற சமய விழாக்களும் அரசு நாள்களும் நிறைந்த அதே தொகுப்பில்தான் நம் விழாவின் பெயரும் இருக்கிறது. காலண்டர் அடிக்கும் ஊரில் வாழும் நாம் இதை அறிந்து மகிழலாம்.

விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843ஆம் ஆண்டு இலண்டனில் அச்சானது. ஹென்றி கோல் என்பவர் திட்டமிட, ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியர் வரைந்தார். அட்டையின் நடுவில் விருந்துண்ணும் ஒரு குடும்பம். ஒரு பக்கம் பசித்தோருக்கு உணவு கொடுக்கும் காட்சி. மறுபக்கம் ஆடையற்றோருக்கு ஆடை கொடுக்கும் காட்சி. கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் சேர்த்தே அதில் வாழ்த்துச் சொல்லப்பட்டிருந்தது. இரண்டையும் ஒரே அட்டையில் சேர்ப்பது இக்காலத்துப் பழக்கம் அல்ல என்பது இதனால் விளங்கும்.

மேலைநாடுகளில் நடந்தவை

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு இந்த விவாதம் சூடுபிடித்தது. வால்மார்ட் நிறுவனம் கிறிஸ்துமஸ் என்ற பெயரைத் தவிர்க்கிறது என்று கூறி, கத்தோலிக்கக் கழகம் என்ற அமைப்பு அதைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தது. வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பப்பட்ட பதிலுக்காக நிறுவனம் மன்னிப்புக் கேட்டதும் அந்த அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டே, 2006இல், வால்மார்ட் மீண்டும் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று சொல்லத் தொடங்கியது. 2015இல் ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகள் படமில்லாத வெறும் சிவப்புக் கோப்பையை வெளியிட்டபோதும் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி 1997, 1998 ஆண்டுகளில் தன் குளிர்கால நிகழ்ச்சிகள் அனைத்துக்கும் 'வின்டர்வல்' என்று பொதுப்பெயர் வைத்தது. கிறிஸ்துமசையே ஒழித்துவிட்டார்கள் என்று செய்தி பரவியது. ஆனால் அந்த நிகழ்ச்சிகளுக்குள் கிறிஸ்துமஸ் தன் பெயரோடுதான் இருந்தது. கேட்ட செய்தியை விசாரிக்காமல் பரப்பக்கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

2021 நவம்பரில் ஐரோப்பிய ஆணையத்தின் உள்வழிகாட்டி ஒன்று, 'கிறிஸ்துமஸ் காலம்' என்பதற்குப் பதில் 'விடுமுறைக் காலம்' என்று சொல்லப் பரிந்துரைத்தது. எதிர்ப்பு எழுந்ததும் நவம்பர் 30 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. கிரேக்க நாட்டிலிருந்து திரும்பும் விமானத்தில் டிசம்பர் 6 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதைக் காலத்துக்கு ஒவ்வாத செயல் என்று கண்டித்தார். முன்னதாக 2017 டிசம்பர் 27 பொது மறைக்கல்வி உரையிலும், பிறரை மதிக்கிறோம் என்ற பெயரில் இயேசுவை விழாவிலிருந்து நீக்கினால் அது வேறு ஏதோ விழாவாகிவிடும் என்று அவர் எச்சரித்திருந்தார்.

நம் நாட்டில்

அமெரிக்கச் சூழலை அப்படியே இங்குப் பொருத்த முடியாது. அங்கே பெரும்பான்மையினர் தங்கள் விழாவின் பெயரைக் கேட்கிறார்கள். இங்கே 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கிறிஸ்தவர்கள் இந்தியாவில் 2.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 6.12 விழுக்காடு. ஆனாலும் திருவிழாவின் பெயரைச் சொல்வதா, வேண்டாமா என்ற வழக்கு நம்மிடமும் உண்டு.

விநாயகர் சதுர்த்தி நாளின் நிகழ்ச்சிகளைக் கலைஞர் தொலைக்காட்சி 'விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்' என்று விளம்பரம் செய்தது. மற்ற சமய விழாக்களைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் எங்கள் விழாவை மட்டும் ஏன் விடுமுறை என்கிறீர்கள் என்று இந்து சகோதரர்கள் பலர் கேட்டார்கள். ஐரோப்பாவில் கிறிஸ்துமசை 'விடுமுறைக் காலம்' என்றபோது நமக்கு ஏற்பட்ட வருத்தமும் இதுவும் ஒன்றே. நம் வருத்தம் நியாயம் என்றால் அவர்களுடைய வருத்தமும் நியாயமே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2021 அக்டோபரில் ஃபேப்இந்தியா நிறுவனம் புதிய ஆடை வரிசை ஒன்றுக்கு 'ஜஷ்ன்-ஏ-ரிவாஸ்' என்று உருதுப் பெயர் சூட்டியது. மரபின் கொண்டாட்டம் என்பது அதன் பொருள். தீபாவளியின் பெயரை மாற்றுகிறார்கள் என்று கண்டனம் எழ, விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. தீபாவளிக்கான எங்கள் வரிசை வேறு, அது இனிமேல்தான் வரும் என்று நிறுவனம் விளக்கம் தந்தது. பெயர் மீதான பற்று, பிறர்மீது வீசும் கல்லாக மாறும் ஆபத்தையும் இதில் காண்கிறோம்.

2014ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 25 நடுவண் அரசால் 'நல்லாட்சி தினம்' என்றும் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த ஆண்டு பள்ளிகளுக்கு விடுமுறை இருக்குமா என்ற கவலை எழுந்து, விடுமுறை உண்டு என்று அரசு தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. கடை விளம்பரத்தைவிட இதுபோன்றவற்றில்தான் நாம் அதிக விழிப்பாய் இருக்கவேண்டும்.

சிவகாசி காட்டும் வழி

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்துப் பாருங்கள். இந்துப் பண்டிகைகள், கிறிஸ்தவப் பண்டிகைகள், முஸ்லிம் பண்டிகைகள் என்று தனித்தனிப் பட்டியல் இருக்கும். யாருடைய விழாவும் பெயரிழக்கவில்லை. யாருடைய விழாவும் மற்றொன்றை மறைக்கவும் இல்லை. ஆடிப்பெருக்கு நாளில் காலண்டர் ஆல்பங்களை வெளியிடும் நம் அச்சகத்தார், எல்லாச் சமயத்தவரின் படங்களையும் ஒரே ஆல்பத்தில் வைக்கிறார்கள். அன்னை மரியாவின் படத்தை அச்சிடுபவர் பெரும்பாலும் இந்து சகோதரர்; அதை வாங்கி மாட்டுபவர் கிறிஸ்தவர்.

நம் கடைவீதியின் பழக்கமும் இதுவே. 'கிறிஸ்துமஸ் – புத்தாண்டு – பொங்கல் சிறப்பு விற்பனை' என்று மூன்றையும் எழுதுகிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருக்க மேலைநாட்டார் பெயரை நீக்குகிறார்கள். நம்மவர் பெயர்களைச் சேர்க்கிறார்கள். நம்மவர் வழியே மேலானது. இன்னொரு நன்மையும் உண்டு. திருவழிபாட்டின்படி கிறிஸ்து பிறப்புக் காலம் டிசம்பர் 25இல் முடிவதில்லை. ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை, அதாவது பொங்கலுக்குச் சற்று முன்பு வரை நீடிக்கிறது.

திருச்சபையின் பார்வை

வணிகர்கள் இன்ன சொல்லைத்தான் எழுதவேண்டும் என்று திருச்சபை எந்தச் சட்டமும் வகுக்கவில்லை. ஆனால் தன் நடைமுறையால் வழிகாட்டுகிறது. பல்சமய உரையாடலுக்கான திருப்பீடத் துறை ஆண்டுதோறும் இந்துக்களுக்குத் தீபாவளி வாழ்த்து என்றும், முஸ்லிம்களுக்கு இரமலான் வாழ்த்து என்றும் பெயர் சொல்லியே செய்தி அனுப்புகிறது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருப்பவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த போதனையின் கனி இது.

வேறொரு பக்கத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கடவுளின் பெயரை வீணாகப் பயன்படுத்தலாகாது என்பது கட்டளை. விண்மீன், குடில், தேவதூதர் என நம் விழாவின் அடையாளங்களை வைத்து விற்பவர், விழாவின் பெயரையும் சொல்வதே நேர்மை. ஆனால் தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் விற்பவர் 'ஆண்டு இறுதி விற்பனை' என்று எழுதினால் அது உண்மையான பெயர். அதன்மேல் கிறிஸ்துவின் பெயரை ஒட்டும்படி நாம் வற்புறுத்துவது அந்தப் பெயருக்குப் பெருமை சேர்க்காது. 2005 டிசம்பர் 11 மூவேளைச் செப உரையில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், வணிகம் இக்காலத்தை மாசுபடுத்துகிறது என்று வருந்தினார். விளம்பரத்தில் பெயர் இருந்தும் இந்த மாசு இருக்க முடியும்.

பெயர் மட்டும் போதுமா?

கிறிஸ்து பிறப்பு விழா கடன் திருநாள். அன்று திருப்பலியில் பங்கேற்கவும், அதற்குத் தடையாகும் வேலைகளைத் தவிர்க்கவும் திருச்சபைச் சட்டம் கேட்கிறது. அதற்கு விடுமுறை வேண்டும். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைச் சட்டம், நான்கு தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் தொழிலாளருக்கு வழங்குகிறது. எந்தெந்தப் பண்டிகைகள் என்பது நிர்வாகமும் தொழிலாளரும் கலந்து பேச, ஆய்வாளரால் முடிவாகிறது. நம் ஆலையின் பட்டியலில் டிசம்பர் 25 இருக்கிறதா? 'கிறிஸ்துமஸ் தள்ளுபடி' என்ற பெரிய பேனருக்குக் கீழே நின்று துணி மடிக்கும் நம் பங்கின் பெண்பிள்ளைக்கு விழாத் திருப்பலிக்கு நேரம் கிடைக்கிறதா? கடை எழுதும் சொல்லைவிட இந்தக் கேள்விகள் கனமானவை.

பட்டாசையும் நினைக்கவேண்டும். 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு முந்தைய இரவுகளில் 11.55 முதல் 12.30 வரை மட்டுமே வெடிக்கலாம் என்று வரையறுத்தது. நம் விழாவின் பெயர் அத்தீர்ப்பிலேயே இருக்கிறது. நள்ளிரவுத் திருப்பலியின் அந்த அரைமணி நேர ஒளிக்காக ஆண்டு முழுவதும் உயிரைப் பணயம் வைத்து உழைப்பவர்கள் நம் அயலார். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இப்பகுதி மறக்கவில்லை. வேலையாட்களுக்குக் கொடுக்காத கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதிய புனித யாக்கோபு (யாக் 5:4), அவர்கள் பாதுகாப்பைப் பற்றியும் நம்மிடம் கேட்பார்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, நாம் முதலாளிகளாகவோ கடைக்காரர்களாகவோ இருந்தால், எல்லாத் திருவிழாக்களையும் அவற்றின் பெயராலேயே எழுதுவோம். நம் கடையில் தீபாவளி 'விடுமுறை' ஆகவேண்டாம்.

இரண்டாவது, ஒரு கடை நம் விழாவின் பெயரை விட்டுவிட்டால் சண்டைக்கோ புறக்கணிப்புக்கோ போகவேண்டாம். 'கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்' என்று நாமே முதலில் கடைக்காரருக்குச் சொல்வோம். அயலார் அன்போடு சொல்லும் எந்த வாழ்த்தையும் அன்போடு ஏற்போம்.

மூன்றாவது, நம் நிறுவனத்தில் வேலை செய்வோருக்கு விழா நாளில் விடுப்பும், விழாவுக்கு முன்பே கூலியும் கிடைக்கச் செய்வோம்.

நான்காவது, 1843ஆம் ஆண்டின் அந்த அட்டையின் இரு ஓரங்களையும் நினைவில் வைத்து, நாம் வாங்கும் புத்தாடையோடு இல்லாதவர் ஒருவருக்கும் ஓர் ஆடை வாங்குவோம்.

பெத்லகேமில் விடுதியில் இடம் கிடைக்கவில்லை (லூக் 2:7). அதனால் இறைமகனின் பிறப்பு நின்றுவிடவில்லை. வணிகர் தம் பேனரில் இடம் தந்தால் மகிழ்வோம். தராவிட்டாலும், நற்செய்தியை முதலில் கேட்டவர்கள் இரவெல்லாம் வேலையில் இருந்த இடையர்களே என்பதை மறவாமல், உழைக்கும் எளியவரின் இல்லங்களில் அந்தப் பெயர் மகிழ்ச்சியோடு ஒலிக்கச் செய்வோம். பிறந்துவரும் பாலன் இயேசு நம் ஊரின் ஆலைகளையும் அச்சகங்களையும் கடைகளையும், அவற்றில் உழைக்கும் அனைவரையும் காத்து ஆசீர்வதிப்பாராக.