'டாயில்': உழைப்பைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஒரு மொழியினர் உழைப்பை எவ்வாறு மதித்தனர் என்பதை அறிய, அதற்கு அவர்கள் இட்ட பெயர்களை ஆராய்தல் தக்கதொரு வழியாகும். ஆங்கிலத்தில் 'வொர்க்' என்பது எல்லா வேலைக்கும் பொதுப்பெயர். 'லேபர்' என்பது உடலுழைப்பையும் மகப்பேற்று வலியையும் ஒருங்கே சுட்டுவது. உடல் நைய, ஓய்வின்றி நெடுநேரம் பாடுபடுவதைக் குறிக்கும் சொல் 'டாயில்' என்பதாம்.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அம்மொழியில் 'டூடெஸ்' என்றால் சுத்தியல். அதனின்று பிறந்த 'டூடிகுலா' என்பது ஒலிவக் காய்களை நசுக்கும் சிறு பொறியின் பெயர். நசுக்குதல், கலக்குதல் என்னும் பொருளோடு அச்சொல் பிரெஞ்சு மொழிக்குச் சென்றது. அங்கிருந்து நார்மானியர் வழியே இங்கிலாந்தை அடைந்தபோது, கி.பி. 1300 அளவில், அது குறித்தது பூசலையும் குழப்பத்தையுமே. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வருந்தி உழைத்தல் என்னும் வினைப்பொருள் தோன்றியது. கடும் உழைப்பு என்னும் பெயர்ப்பொருள் நிலைபெற்றதோ பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்தான். பொறியில் நசுங்கிய காயின் நிலை, நாளடைவில் பணியில் நசுங்கிய மனிதனின் நிலைக்குப் பெயராயிற்று. வலை என்னும் பொருளில் வழங்கும் மற்றொரு 'டாயில்' உண்டு. அது நெசவைக் குறிக்கும் 'டேலா' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஒலியால் ஒன்றாயினும் பிறப்பால் வேறானது.

உழைப்பைத் துன்பத்தின் பெயரால் அழைத்தது இச்சொல் ஒன்று மட்டுமன்று. மூன்று கழிகளால் அமைந்த 'டிரிபாலியம்' என்னும் வதைக்கருவியின் பெயரிலிருந்தே பிரெஞ்சில் வேலையைக் குறிக்கும் 'திரவாய்' பிறந்தது என்பர். கிரேக்கத்தில் உழைப்பைக் குறிக்கும் 'கோபோஸ்' என்னும் சொல், அடித்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. மத்தேயு நற்செய்தியில் காட்டுப் பூக்கள் உழைப்பதில்லை என்று கூறும் இடத்தில் வருவது இக்கிரேக்கச் சொல்லின் வினைவடிவமே. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியம் அங்கு 'டாயில்' என்னும் சொல்லை ஆண்டது. அதே நற்செய்தியில் வருந்திச் சுமை சுமப்போரை அழைக்கும் இடத்திலும் மூலத்தில் அதே வினைதான் உள்ளது. ஆங்கிலம் அங்கு 'லேபர்' என்று மாற்றிக்கொண்டது. மூலத்தில் ஒன்றாயிருந்த உழைப்பும் வருத்தமும் மொழிபெயர்ப்பில் இருவேறு சொற்களாகப் பிரிந்தன.

கவிஞர்கள் இச்சொல்லைப் போற்றினர். சேக்ஸ்பியர் தம் மாக்பெத் நாடகத்தில் சூனியக்காரிகளின் வாயில் இதனை வைத்தார். தாமஸ் கிரே 1751இல் வெளியிட்ட இரங்கற்பாவில், ஊர்ப்புறத்து எளியோரின் உழைப்பைப் பெருமிதத்தோடு குறிக்க இச்சொல்லையே தேர்ந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல்லுக்கு நேர்ந்தது எண்ணத்தக்கது. 1940 மே 10இல் பிரிட்டனின் தலைமையமைச்சரான வின்ஸ்டன் சர்ச்சில், மூன்று நாள் கழித்து நாடாளுமன்றத்தில் பேசினார். நாட்டிற்குத் தாம் அளிக்கக் கூடியவை குருதி, உழைப்பு, கண்ணீர், வியர்வை ஆகிய நான்குமே என்றார். அங்கு உழைப்புக்கு அவர் ஆண்ட சொல் 'டாயில்'. ஆனால் மக்கள் நினைவில் நின்றவை மூன்றே. 1941இல் அவருடைய உரைகள் அமெரிக்காவில் நூலானபோது, குருதி, வியர்வை, கண்ணீர் என்பதே தலைப்பாயிற்று. இம்மூன்றையும் இணைக்கும் மரபு 1611இல் ஜான் டன்னிடமும், 1823இல் பைரனிடமும் முன்னரே இருந்தது. பழகிய அம்மும்மையின் ஓசைக்கு இடையூறாக நின்ற நான்காம் சொல் உதிர்ந்தது. குருதியும் கண்ணீரும் கண்ணுக்குத் தெரிவன, வியர்வையும் அத்தகையதே. நாள்தோறும் ஓசையின்றி நிகழும் உழைப்புக்கு அத்தகைய காட்சி இல்லை. அதனால் அது மறக்கப்பட்டது போலும்!

தமிழிலும் இவ்வாய்வுக்கு இடமுண்டு. 'உழத்தல்' என்பது வருந்துதலையும் முயலுதலையும் ஒருங்கே குறிக்கும். 'பாடு' என்பது துன்பமும் ஆம், உழைப்பும் ஆம். கிறித்தவத் தமிழ் இயேசுவின் துன்பங்களைப் 'பாடுகள்' என்கிறது. வயலில் உழைப்பவனைப் பாடுபடுகிறவன் என்கிறது ஊர்வழக்கு. அப்பாடுபடுவோனே 'பாட்டாளி' ஆனான். ஆங்கிலம் இலத்தீனின் வழியே பெற்ற பொருட்செறிவு தமிழின் எளிய வழக்கிலேயே இருக்கிறது.

உழைப்பைப் போற்றும் கவிதைகள் பலவற்றில் வியர்வை முத்தாகிறது, மண் பொன்னாகிறது. போற்றுதல் தவறன்று. ஆயினும் சொல்லுக்குள் இருக்கும் வலியை நீக்கிவிட்டுப் புகழை மட்டும் பாடினால், புகழப்படுவோன் அங்கு இல்லாமற் போகிறான். நான்கு சொற்களுள் ஒன்று உதிர்ந்த வரலாறு கவிஞர்க்கு உணர்த்துவது இதுவே. ஓசைக்காக விடப்படும் சொல்லில்தான் சிலவேளை ஒரு மனிதனின் முழுவாழ்வும் அடங்கியிருக்கிறது.