ரெண்டு பேரும் வேணாம்னா என்ன பண்றது?

கொல்லிமலையில "நாடு"ன்னா தேசம்னு அர்த்தம் இல்லீங்க. பத்துப் பதினைஞ்சு சிற்றூர் சேர்ந்தா அது ஒரு நாடு. வளவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு... மொத்தம் 14. அரசாங்கக் கணக்குல ஒவ்வொண்ணும் ஓர் ஊராட்சி. அங்க இருக்கற மலையாளி மக்களுக்கு அது இன்னமும் நாடுதான். (மலையாளின்னா கேரளாக்காரர் இல்லை. தமிழ் பேசற பழங்குடி மக்கள். சொல்லாம விட்டா கண்டிப்பா யாராவது கேப்பீங்க :-))

வல்வில் ஓரி, எழுபது கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை... இதையெல்லாம் ஆளாளுக்கு எழுதியாச்சு. நான் எழுத வந்தது ஓட்டைப் பத்தி.

தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு டீக்கடையில பெரியவர் ஒருத்தர் சொன்னது இது: "தம்பி, சூரியனுக்கும் போட்டோம், இலைக்கும் போட்டோம், முரசுக்கும் போட்டோம். இனி எந்தச் சின்னம் பாக்கி?" நான் சிரிச்சுட்டேன், அவர் சிரிக்கலை. வீட்டுக்கு வந்து பழைய தேர்தல் முடிவுகளைப் புரட்டினா, மனுஷன் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

கொல்லிமலை சேந்தமங்கலம் தொகுதியில வருது. தமிழ்நாட்டுல பழங்குடியினருக்கு ஒதுக்கின சட்டமன்றத் தொகுதி முன்னாடி மூணு இருந்துச்சு: ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம். 2008 தொகுதி மறுவரையறையில உப்பிலியபுரம் போச்சு. 234ல ரெண்டுதான் மிச்சம். அந்த ரெண்டுல ஒண்ணு எப்படி ஓட்டுப் போட்டிருக்குன்னு பாருங்க. 2006ல தி.மு.க., 2011ல தே.மு.தி.க., 2016ல அ.தி.மு.க., 2021ல மறுபடி தி.மு.க. நாலு தேர்தல், நாலு தடவையும் கட்சியை மாத்தியிருக்காங்க. இதுக்கு மேல ஒரு வாக்காளர் எப்படிங்க அதிருப்தியைக் காட்டறது?

இதுல 2011தான் எனக்கு முக்கியமாப் படுது. விஜயகாந்த் 2005ல கட்சி ஆரம்பிச்சது ரெண்டு கழகத்துக்கும் மாற்றுன்னு சொல்லித்தான். 2006ல தனியா நின்னு எட்டு சதவீதத்துக்கு மேல ஓட்டு வாங்கினார். அந்த ஓட்டுல பாதிக்கு மேல சினிமா கவர்ச்சின்னு அப்ப பலரும் எழுதினாங்க. நான் ஒத்துக்கலை, இப்பவும் ஒத்துக்க மாட்டேன். அது சலிப்பு ஓட்டு. ஆனா 2011ல அவரே அ.தி.மு.க.வோட கூட்டணி வெச்சார். 41 இடத்துல நின்னு 29 ஜெயிச்சு, தி.மு.க.வை விட அதிகமா வாங்கி எதிர்க்கட்சித் தலைவரும் ஆனார். அந்த 29ல ஒண்ணு சேந்தமங்கலம். ஜெயிச்சவங்க ஆர்.சாந்தி.

அப்புறம் நடந்தது தெரியும்ல? 2012 பிப்ரவரியில சட்டசபையில மோதல், கூட்டணி முறிஞ்சுது. கொஞ்ச நாள்ல தே.மு.தி.க. எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருத்தரா "தொகுதி வளர்ச்சிக்காக" முதல்வரைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. அந்த வரிசையில சேந்தமங்கலமும் சேர்ந்துச்சு. கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985லேயே வந்துடுச்சுதான். ஆனா ஆளுங்கட்சியில சேர்ந்தேன்னு யாரும் சொல்லலையே! கடைசியில 2016 பிப்ரவரியில, தேர்தலுக்கு மூணு மாசம் இருக்கறப்ப, இப்படி எட்டு தே.மு.தி.க. எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா பண்ணினாங்க. விஜயகாந்துக்கு எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்தும் போச்சு. மலைக்காரங்க போட்ட மாற்று ஓட்டு, அவங்களைக் கேக்காமலே எந்தப் பக்கம் வேணாம்னு இருந்தாங்களோ அங்கேயே போய்ச் சேர்ந்துடுச்சு. அடுத்த தேர்தல்ல தே.மு.தி.க.வுக்கு ஓர் இடம்கூட இல்லை.

சரி, கட்சியே வேணாம்னு சொல்லிப் பார்த்தவங்க கதை என்ன? அதுக்கு ரொம்ப தூரம் போக வேணாம், பக்கத்து ஈரோடு மாவட்டம் போதும். 1996 சட்டமன்றத் தேர்தல், மொடக்குறிச்சி. எந்த ஆட்சி வந்தாலும் எங்க குறையைக் கேக்க ஆளில்லைன்னு விவசாயிகள் கூட்டம் கூட்டமா மனுத் தாக்கல் செஞ்சாங்க. வேட்பாளர்கள் மொத்தம் 1,033 பேர். வாக்குச்சீட்டு ஒரு புஸ்தகமாவே அச்சாச்சு. தேர்தலை ஒரு மாசம் தள்ளி வெச்சாங்க. ஜெயிச்சது தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழலை, அதாவது அவங்க ஓட்டே அவங்களுக்கு இல்லை! அதே வருஷம் ஆந்திராவுல நல்கொண்டா மக்களவைத் தொகுதியில தண்ணிப் பிரச்சினைக்காக 480 பேர் நின்னாங்க.

இதுக்கு டெல்லி சொன்ன பதில்தான் சுவாரசியம். அதே 1996ல சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத்துக்கான டெபாசிட்டை 250 ரூபாயிலேர்ந்து 5,000 ஆக்கினாங்க. இருபது மடங்கு! அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு ஒருத்தர் முன்மொழிஞ்சா போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேணும்னாங்க. பிற்பாடு டெபாசிட் 10,000 ஆச்சு (தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குப் பாதி). 1,033 பேருக்கு அன்னிக்கு ரெண்டரை லட்சத்துச் சொச்சம்தான் செலவு. இன்னிக்கு அதே வேலையைச் செய்ய ஒரு கோடிக்கு மேல வேணும். விவசாயிகள் எழுப்பின கேள்வி அப்படியே இருக்க, கேக்கறதுக்கான கட்டணம் மட்டும் ஏறிடுச்சு.

அப்புறம் 49-ஓ. நம்ம பதிவுலகத்துல பழைய ஆளுங்களுக்கு இது மறந்திருக்காது, மறைந்த ஞாநி விடாம எழுதினார். எனக்கு யாருக்கும் போட விருப்பமில்லைன்னு சாவடி அதிகாரிகிட்ட சொல்லி, பதிவேட்டுல கையெழுத்துப் போடணும். சின்ன ஊர்ல, ரெண்டு கட்சி ஏஜென்டும் முறைச்சுப் பார்த்துட்டிருக்க, இதைச் செய்ய எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? ரகசியமே இல்லாத ஓட்டு. 2013 செப்டம்பர் 27ல உச்ச நீதிமன்றம் மெஷின்லேயே ஒரு பொத்தான் வைக்கச் சொன்னப்பதான் அந்தக் குறை தீர்ந்துச்சு. நோட்டா.

தமிழ்நாட்டுல நோட்டா முதன்முதலா வந்த தொகுதி எது தெரியுமா? இன்னொரு பழங்குடித் தொகுதி, ஏற்காடு. 2013 டிசம்பர் 4 இடைத்தேர்தல். நாலாயிரத்துக்கும் மேல விழுந்துச்சு. 2014ல நீலகிரியில 46,559 பேர் நோட்டாவுக்குப் போட்டு, காங்கிரஸை அதுக்குக் கீழ தள்ளினாங்க. ஆனா நோட்டாவே முதலிடம் வந்தாலும், அடுத்து இருக்கற வேட்பாளர்தான் ஜெயிச்சவர். கோபத்தை எண்ணிப் பார்க்கறாங்க, அவ்வளவுதான். எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்லை.

எனக்கு இருக்கற கொஞ்ச நம்பிக்கை கீழ் மட்டத்துல. தமிழ்நாட்டுல ஊராட்சித் தலைவர் தேர்தலும் வார்டு உறுப்பினர் தேர்தலும் கட்சிச் சின்னம் இல்லாம நடக்குது. ஒன்றியக் கவுன்சிலர்ல இருந்துதான் சூரியனும் இலையும். 2019 டிசம்பர்ல நாமக்கல் உட்பட 27 மாவட்டத்துல நடந்தப்ப ஒவ்வொருத்தர் கையிலயும் நாலு கலர் சீட்டு. அதுல ரெண்டுல கட்சிச் சின்னமே கிடையாது, பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா மாதிரிதான். யார் எந்தக் கட்சி ஆளுன்னு ஊருக்கே தெரியும், மறுக்கலை. இருந்தாலும் தேவனூர் நாட்டுல ஒரு ரோடோ தண்ணித் தொட்டியோ வரலைன்னா, திட்டறதுக்கு ஆள் நடந்து போற தூரத்துல இருக்கார். பழைய நாட்டாண்மையில பொம்பளைங்களுக்கு இடமே இருந்ததில்லை, ஊராட்சியில 2016 திருத்தத்துக்கு அப்புறம் பாதி இடம் அவங்களுக்கு.

ஆனா அந்த 2019 தேர்தலே 2016ல நடந்திருக்கணும். ஒதுக்கீட்டு வழக்கு, வார்டு மறுவரையறைன்னு மூணு வருஷம் தள்ளிட்டே வந்தாங்க. அப்படி வந்தவங்களோட பதவிக்காலமும் 2025 ஜனவரி 5ல முடிஞ்சுது. முடியறதுக்குள்ள அடுத்த தேர்தலை நடத்தலை. 14 நாட்டுலயும் தலைவர் உக்காந்த இடத்துக்கு, மலையில யாரும் ஓட்டுப் போடாத தனி அலுவலர் வந்தார்.