கியூபக் குறும்படங்களில் இசையும் அரசும்

கால் மணியோ அரை மணியோ ஓடும் குறும்படத்தைத் திரைக்கலையின் சிற்றிலக்கியம் எனலாம். கியூபாவிலோ அச்சிற்றிலக்கியமே பேரிலக்கியத்திற்குரிய இடத்தைப் பெற்றது. 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் கலைஞர்க்கும் அரசுக்கும் இடையே அங்கு எழுந்த பெரிய வழக்குகள் பலவும் ஆடலையும் பாடலையும் காட்டிய சிறு படங்களை முன்னிட்டே எழுந்தன. பாட்டு அரசியற் கருத்தொன்றைச் சுமந்து வந்தபோது அதற்கு வரவேற்பு இருந்தது. மக்களின் பொழுதுபோக்காக மட்டும் அது திரையில் நின்றபோதே ஐயம் பிறந்தது. அந்த ஐயத்தின் வரலாறு கவிதையோடு உறவுடையோர் அறியத்தக்கது.

தோற்றம்

புரட்சிக்கு முன்பே இதற்கு விதை ஊன்றப்பட்டது. 1955இல் ஹூலியோ கார்சியா எஸ்பினோசா, தோமாஸ் குத்தியெரெஸ் அலேயா முதலியோர் சபாதா சதுப்பு நிலத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த எளியோரைப் பற்றி ‘எல் மேகனோ’ என்னும் படத்தை எடுத்தனர். பாட்டிஸ்டாவின் அரசு அதனைப் பறிமுதல் செய்தது. அவ்வாட்சி கவிழ்ந்த மூன்றாம் மாதமே, 1959 மார்ச்சில், புதிய அரசு கியூபத் திரைப்படக் கலை, தொழில் நிறுவனத்தைச் சட்டத்தின்வழி நிறுவியது. திரைப்படம் ஒரு கலை என்பதே அச்சட்டத்தின் முதற்கூற்று. ஆல்ஃபிரெதோ குவேரா தலைமை ஏற்றார். எஸ்பினோசாவும் அலேயாவும் அதன் தூண்களாயினர். தம் படத்தைப் பறிகொடுத்தோர் பிறர் படத்தை நிறுத்தும் பொறுப்பில் அமர்ந்தது வரலாற்றின் விந்தையே.

பதினான்கு நிமிடங்கள்

1961இல் சபா கப்ரேரா இன்ஃபாந்தே, ஒர்லாந்தோ ஹிமெனெஸ் லேயால் என்னும் இளைஞர் இருவர் ‘பி.எம்.’ என்ற 14 நிமிடப் படத்தை எடுத்தனர். இரவில் ரெக்லாவிலிருந்து விரிகுடாவைக் கடந்து ஒரு படகு ஹவானாவுக்கு வருகிறது. துறைமுகத்தை ஒட்டிய மதுக்கடைகளில் மக்கள் குடிக்கின்றனர், ஆடுகின்றனர், பூசலிடுகின்றனர். அவர்களுள் கறுப்பினத்தவர் பலர். பின்னர் படகு திரும்பிச் செல்கிறது. விளக்கவுரை ஒரு சொல்லும் இல்லை. புரட்சியை அப்படம் தாக்கவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை.

அந்த மௌனமே குற்றமாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில்தான் பன்றி விரிகுடாப் படையெடுப்பு முறியடிக்கப்பட்டிருந்தது. மக்கள் துப்பாக்கி ஏந்திய காலத்தில் குடித்து ஆடும் மக்களைக் காட்டலாமா என்று கேட்டவர்கள் இருந்தனர். ‘லூனெஸ் தெ ரெவொலூசியோன்’ இதழின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒளிபரப்பான அப்படத்தை அரங்குகளில் திரையிடத் திரைப்பட நிறுவனம் இசைவு மறுத்தது. எழுத்தாளரும் கலைஞரும் கொதித்தெழவே, அவ்வாண்டு ஜூன் மாதம் ஹவானா தேசிய நூலகத்தில் மூன்று நாள் உரையாடல் நிகழ்ந்தது. ஜூன் 30 அன்று ஃபிடல் காஸ்ட்ரோ ஆற்றிய நிறைவுரையின் சாரம் இது: புரட்சிக்கு உட்பட்டு எதற்கும் இடமுண்டு, புரட்சிக்கு எதிராக எதற்கும் இடமில்லை. எது உள், எது எதிர் என்று வரையறுப்பவர் யார் என்னும் வினாவுக்கு அவ்வுரை கலைஞர்கள் எதிர்பார்த்த விடையைத் தரவில்லை. நவம்பரில் ‘லூனெஸ்’ இதழும் நின்றது.

பாட்டு ஆயுதமாதல்

ஆயினும் அந்நிறுவனத்தைத் தடைகளின் கூடம் என்று மட்டும் கூறுதல் நேர்மையாகாது. 1960இல் அது தொடங்கிய செய்திப்பட வரிசை 1990 வரை ஏறத்தாழ 1,490 இதழ்களாக வந்தது. அவற்றின் மூலப் படச்சுருள்கள் 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. இவ்வரிசையை நடத்திய சாந்தியாகோ அல்வாரெஸ் (1919–1998) நாற்பது வயதுக்குப் பின்னரே திரைத்துறைக்கு வந்தவர். அதற்குமுன் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் இசைக் காப்பகத்தில் பணிபுரிந்தவர். அப்பயிற்சி அவர் கலையில் நன்கு தெரிகிறது.

1965இல் வந்த ‘நவ்’ என்னும் ஆறு நிமிடப் படம் இதற்குச் சான்று. ‘இப்பொழுதே’ என்பது தலைப்பின் பொருள். அமெரிக்கக் கறுப்பினப் பாடகி லீனா ஹார்னின் பாடலே அப்படத்தின் முதுகெலும்பு. அமெரிக்க இதழ்களில் வந்த ஒளிப்படங்களும் செய்திப்படத் துண்டுகளும் அப்பாடலின் தாளத்திற்கேற்பத் தொகுக்கப்பட்டன. உரையாளர் இல்லை. இறுதியில் துப்பாக்கிக் குண்டுகள் அத்தலைப்பைத் திரையில் எழுதுகின்றன. ‘பி.எம்.’ படத்திலும் விளக்கவுரை இல்லை, இதிலும் இல்லை. ஆனால் இங்கே இசைக்கு இலக்கு உண்டு, பகை உண்டு, முடிவு உண்டு. ஒன்று ஒதுக்கப்பட்டதற்கும் மற்றொன்று உலகெங்கும் சென்றதற்கும் காரணம் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது.

1969இல் இதே நிறுவனம் இசையமைப்பாளர் லியோ புரௌவரின் பொறுப்பில் ஓர் இசைச் சோதனைக் குழுவை அமைத்தது. ஒலிபரப்புத் துறையினரின் ஐயத்துக்கு ஆளாகியிருந்த சில்வியோ ரோட்ரிகெஸ் போன்ற இளம் பாடகர்க்கு அங்கே நிழல் கிடைத்தது. ஒரு கையால் தடுத்த நிறுவனம் மறு கையால் அணைத்தது என்பதும் உண்மையே.

உள்ளிருந்து கேட்டவர்கள்

நிறுவனத்துக்குள்ளேயே வேறு வகையாக இசையைக் கேட்டவர் இருவர். முதலாமவர் சாரா கோமெஸ் (1942–1974). கியூபாவின் முதற் பெண் இயக்குநர், கறுப்பினத்தவர், இசை பயின்றவர். 1966இல் எடுத்த ‘குவானபாகோவா’ என்னும் படத்தில் தம் குடும்பத்தின் கதையையே கூறினார். 1967இல் மக்களிசைக் கருவிகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்யும் படமொன்றை எடுத்தார். எலும்பும் மரமும் தோலும் இசையாகும் வகையைக் காட்டி, கியூப இசையின் ஆப்பிரிக்க வேர்களை அப்படம் உணர்த்துகிறது. வேலைக்குச் செல்லும் பெண்களின் நிலையை வினவிய அவருடைய 1972ஆம் ஆண்டுப் படம் மக்கள் பார்வைக்கு வரவில்லை. அவருடைய ஒரே முழுநீளப் படத்தை அவர் மறைவுக்குப் பின் அலேயாவும் எஸ்பினோசாவும் முடித்து 1977இல் வெளிக்கொணர்ந்தனர்.

இரண்டாமவர் நிகோலாஸ் கியென் லாந்த்ரியான் (1938–2003). கியூபாவின் தேசியக் கவிஞராகப் போற்றப்பட்ட நிகோலாஸ் கியெனின் உடன்பிறந்தார் மகன். 1965இல் ‘மொசாம்பிக்’ என்னும் புதிய தாளத்திற்கு ஆடும் மக்களை ‘லோஸ் தெல் பைலே’ என்ற சிறு படமாக்கினார். ஆட்டத்தின் நடுவே சிந்தனையில் ஆழ்ந்த முகங்களையும் அவர் ஒளிப்படக் கருவி கண்டது. அப்படம் முடக்கப்பட்டது. 1968இல் ஹவானாவைச் சூழக் காப்பி பயிரிடும் அரசுத் திட்டத்தை விளக்குமாறு பணிக்கப்பட்டு, ‘கோஃபெயா அராபிகா’ என்னும் படத்தை எடுத்தார். அதில் காஸ்ட்ரோ தோன்றும் காட்சிக்கு, குன்றின்மேல் இருக்கும் பேதையைப் பற்றிய பீட்டில்ஸ் குழுவின் பாடலைப் பின்னணியாக வைத்தார். வெளியே காப்பிப் பயிர், உள்ளே எள்ளல். தமிழிலக்கணம் உள்ளுறை என்று கூறும் உத்திக்கு இதனினும் நல்ல திரைச்சான்று காண்டல் அரிது. ஆள்வோர்க்கும் உள்ளுறை விளங்கிற்று. படம் நிறுத்தப்பட்டது. பின்னர் லாந்த்ரியான் நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டார். சிறையும் மனநோய் மருத்துவமனையின் மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் அவர் வாழ்வைச் சிதைத்தன. 1989இல் நாட்டைவிட்டு வெளியேறி, மயாமியில் மறைந்தார். பெரிய தந்தையின் புகழ் அவரைக் காக்கவில்லை.

முடியாத வழக்கு

இவ்வழக்கு அத்தலைமுறையோடு முடியவில்லை. 2023இல் ஹுவான் பின் விலார் எடுத்த ‘ஃபித்தோவின் ஹவானா’ என்னும் ஆவணப் படம் அர்ஜென்டினப் பாடகர் ஃபித்தோ பாயெஸ் கியூபாவோடு கொண்ட உறவைப் பற்றியது. ஹவானாவின் பயணிகள் படகொன்றை 2003இல் கடத்திய மூவர்க்கு நிறைவேற்றப்பட்ட மரண தண்டனையைப் பற்றி அதில் அவர் பேசுகிறார். அப்படத்தின் திரையிடல் முதலில் நிறுத்தப்பட்டது. பின்னர் இயக்குநரின் இசைவின்றியே அரசுத் தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பப்பட்டது. இதனை எதிர்த்துத் திரைக்கலைஞர்கள் ஒன்றுகூடித் தமக்கெனப் பேரவை அமைத்தனர். 62 ஆண்டுகளுக்குப் பின்னும் நூலகத்தில் எழுந்த வினாவே மீண்டும் எழுந்தது.

காலம் தன் தீர்ப்பை மெல்ல எழுதிவருகிறது. சாரா கோமெஸின் முழுநீளப் படம் புதுப்பிக்கப்பட்டு 2021 முதல் உலக அரங்குகளில் மீண்டும் காட்டப்பட்டது. லாந்த்ரியானைப் பற்றி எர்னெஸ்தோ தாரானாஸ் எடுத்த ஆவணப் படம் 2023ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் இடம்பெற்றது. அல்வாரெஸின் படங்களால் அக்காலக் கியூபா எதற்காகப் போரிட்டது என்பதை அறிகிறோம். எவருடைய பெயரால் அப்போர் நிகழ்ந்ததோ அம்மக்கள் ஓர் இரவில் எவ்வாறு ஆடினர், ஆட்டத்தின் நடுவே அவர்கள் முகம் எவ்வாறு இருந்தது என்பதை அறியவோ, ஒதுக்கப்பட்ட அச்சிறு படங்களையே நாட வேண்டியுள்ளது.