ஊழியர் நிதியங்கள் (ஸ்வீடன்)

தனியார் நிறுவனங்களின் உடைமையைப் படிப்படியாகத் தொழிலாளர்களின் கூட்டுக் கைக்கு மாற்ற ஸ்வீடனில் தீட்டப்பட்ட திட்டம். முதலாளித்துவத்தைத் தேர்தல் வழியில் எவ்வளவு தூரம் திருத்த முடியும் என்பதற்கு 20ஆம் நூற்றாண்டில் நடந்த துணிச்சலான சோதனைகளில் இதுவும் ஒன்று.

எல்.ஓ. என்னும் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பொருளியலாளர்கள் கோஸ்டா ரேனும் ருடால்ஃப் மெய்ட்னரும் 1951இல் வகுத்த கொள்கைதான் இதற்கு வேர். வேலை ஒன்றானால் கூலியும் ஒன்று. நிறுவனத்தின் லாப நட்டத்துக்கு அதில் இடமில்லை. அந்தக் கூலியைக் கொடுக்கக் கட்டுபடியாகாத ஆலை மூடப்படும். வேலை போனவருக்கு அரசு பயிற்சி தந்து வேறிடத்தில் சேர்த்துவிடும். கூலி ஏற்றத்தாழ்வு உண்மையாகவே சுருங்கியது. ஆனால் நல்ல லாபத்தில் ஓடிய நிறுவனங்களில் தொழிலாளர் கேட்காமல் விட்ட தொகை பங்குதாரர்களிடமே தங்கிவிட்டது. சமத்துவத்துக்காகக் காட்டிய பொறுமை முதலாளியின் சொத்தைப் பெருக்கிய விசித்திரம் இது.

இதைச் சரிசெய்ய மெய்ட்னர் 1975இல் முன்வைத்த யோசனையை எல்.ஓ. மாநாடு 1976இல் ஏற்றது. அதன்படி பெரிய நிறுவனங்கள் ஆண்டு லாபத்தில் 20 விழுக்காட்டைப் புதிய பங்குகளாக நிதியத்துக்கு வழங்கவேண்டும். ரொக்கம் வெளியேறாது, பணம் தொழிலிலேயே இருக்கும், உடைமை மட்டும் நகரும். மூலதனத்தில் 10 விழுக்காடு லாபம் காணும் நிறுவனத்தில் ஏறக்குறைய 35 ஆண்டுகளில் பாதிப் பங்கு நிதியத்தின் வசமாகியிருக்கும்.

அதே 1976ஆம் ஆண்டுத் தேர்தலில், எல்.ஓ.வின் தோழமைக் கட்சியும் 44 ஆண்டுகள் ஆட்சியிலிருந்ததுமான சமூக ஜனநாயகக் கட்சி தோற்றது. நிதிய யோசனையோடு அணுமின் சர்ச்சைக்கும் அந்தத் தோல்வியில் பங்குண்டு. கட்சி 1982இல் மீண்டும் ஆட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 4 அன்று, தொழிலதிபர்கள் முன்னின்று, ஸ்டாக்ஹோமில் சுமார் 75,000 பேரைத் திரட்டி நிதியங்களுக்கு எதிராக ஊர்வலம் நடத்தினார்கள். டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிதிய மசோதா விவாதத்தின்போது நிதியமைச்சர் ஷெல்-ஊலோஃப் ஃபெல்ட் தம் இருக்கையில் அமர்ந்தபடியே நிதியங்களைக் கேலிசெய்து கிறுக்கிய கவிதை, பத்திரிகைக் கேமராவில் சிக்கியது. கொண்டுவந்த அமைச்சருக்கே நம்பிக்கையில்லை! நிறைவேறிய சட்டமோ நீர்த்துப்போன ஒன்று: வரிப்பணத்தில் பங்குச் சந்தையில் பங்கு வாங்கும் ஐந்து வட்டார நிதியங்கள், நிறுவனங்களின் உடைமையில் அவற்றுக்கு உச்சவரம்பு.

எதிர்ப்பாளர்கள் சங்கத் தலைமையிடம் அதிகாரம் குவியும் என்றார்கள். அதைவிடப் பெரிய பலவீனம் வேறு: ஓய்வூதியமும் குழந்தைப் படியும் வீட்டுக்கு வந்து சேர்பவை, நிதியப் பங்கோ எந்தத் தொழிலாளியின் கைக்கும் வராது. தமக்கென்று எதுவும் தராத ஒன்றுக்காகத் தொழிலாளர்கள் வீதிக்கு வரவில்லை. அதிக வரியையும் நலத்திட்டங்களையும் சகித்துக்கொண்ட முதலாளிகள் உடைமையில் கைவைத்தபோதுதான் வீதிக்கு வந்தார்கள்.

கார்ல் பில்ட் தலைமையில் 1991இல் அமைந்த வலதுசாரிக் கூட்டணி அரசு நிதியங்களைக் கலைத்தது. சேர்ந்திருந்த பணத்தின் ஒரு பகுதியில் அறிவியல் ஆய்வுக்கான அறக்கட்டளைகள் நிறுவப்பட்டன.