வழிப்போக்கர்க்கு வைத்த தண்ணீர்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். ஆதலால் விருந்தினர் என்போர் நம் மாமனும் மைத்துனனும் அல்லர். முன்பின் அறியாது புதிதாய் வாயிலில் வந்து நிற்பவரே விருந்தினர். இந்நாளிலோ இச்சொல் உற்றார் உறவினரை அழைத்து இலை போடுவதற்கே ஆகிவிட்டது. உறவினருக்கு இட்ட சோறு என்றேனும் ஒருநாள் நம் வீட்டுக்கே திரும்பி வரும். பெயர் தெரியாதவனுக்கு வார்த்த ஒரு குவளைத் தண்ணீர் திரும்பி வருவதில்லை. அவ்வாறு திரும்பி வராத உதவியின் வரலாற்றையே ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் காணலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் குறுக்காக ஒரு கல்லை ஏற்றி, ஏறக்குறையத் தோளுயரத்துக்கு அமைத்திருப்பார்கள். தலையில் நெல்மூட்டையோ விறகுக்கட்டோ சுமந்து தனியே நடப்பவனுக்குச் சுமப்பது ஒரு துன்பம். இறக்கினால் மீண்டும் தூக்கிவிட ஆள் இல்லையே என்பது அதனினும் பெரிய துன்பம். தோளுயரக் கல் இருந்தால் பிறர் கையை எதிர்பாராமல் தானே இறக்கி வைத்து, இளைப்பாறித் தானே ஏற்றிக்கொள்ளலாம்.

இக்கற்களுள் பல, கருவுற்றிருக்கும்போதோ பிள்ளைப்பேற்றிலோ உயிர் நீத்த பெண்களின் நினைவாக நடப்பட்டவை. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்காக வழிப்போக்கரின் சுமை இறங்கட்டும் என்று அவள் வீட்டார் எண்ணினர். அவ்வாறு செய்தால் இறந்தவளின் ஆவி அமைதியுறும் என்ற நம்பிக்கையும் அதில் கலந்திருந்தது. அந்நம்பிக்கையை ஏற்பார் ஏற்கட்டும், மறுப்பார் மறுக்கட்டும்; தம் வீட்டுத் துக்கத்தை ஊரான் ஒருவனுடைய கழுத்து வலிக்கு மருந்தாக மாற்றிய மனத்தை எவரும் மறுக்கவியலாது. யாழ்ப்பாணத்தார் இன்னும் ஒருபடி மேலே சென்று, மாடுகள் தம் உடம்பை உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும், அவை நீர் குடிக்கத் தொட்டியும் அமைத்தனர்.

அரசரும் இவ்வறத்தைச் செய்ததுண்டு. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோக மன்னன் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்ததையும், வழிகளில் கிணறு தோண்டி மரம் நட்டதையும் கூறுகிறான். அங்கே சோழர், பாண்டியர் நாடுகளும் குறிக்கப்படுகின்றன. 1689-ஆம் ஆண்டு முதல் பேரனுக்காக மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தமையால், மங்கம்மாள் சாலை என்ற பெயர் தென்னாட்டில் நிலைத்துவிட்டது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குப் போன பின்னும் சத்திரங்களைக் காக்க வேண்டுமென்று 1801-இல் ஆங்கில அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள அச்சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் ஈறாக வருவோர்க்கெல்லாம் உணவு உண்டு. நோயுற்றவர்க்கு மருந்து உண்டு. கருவுற்ற பெண் வந்தால் பிள்ளைப்பேறு பார்ப்பார் உண்டு. வழியிலேயே இறந்தவனுக்கு ஈமக்கடன் செய்வாரும் உண்டு என்பது அக்கடிதத்தின் சாரம்.

ஆனால், அதே கடிதத்தில், சமைத்த சோற்றை உண்ணாத சாதியார்க்கு அரிசியாகவே கொடுக்கப்படும் என்றும் காண்கிறோம். இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பசித்தவன் யாரென்று கேளாமல் கதவைத் திறந்த சத்திரம், இலை போடும்போது குலத்தைக் கேட்டது. ஊர்த் தண்ணீர்ப் பந்தல்களிலோ ஒருவனுக்குச் செம்பும், மற்றொருவனுக்கு எட்ட நின்று ஏந்தும் கையுமாக இருந்தது. தாகத்துக்குச் சாதி இல்லை. தண்ணீருக்குச் சாதி வைத்தார்கள். பொதுச் சாலையிலும், கிணற்றிலும், குளத்திலும் எவர்க்கும் தடையில்லை என்று சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924-ஆம் ஆண்டில். தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் போராட்டம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். சுமைதாங்கிக் கல் நட்ட நாட்டிலேயே ஒரு மனிதன் தெருவில் நடக்கத் தீர்மானமும் போராட்டமும் வேண்டியிருந்தன என்பதை நம் பழம்பெருமை பேசுவோர் மறத்தலாகாது.

இவ்விருளில் ஓர் அடுப்பு எரிந்தது. 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் இராமலிங்க அடிகள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதியும் மதமும் ஊரும் கேளாமல், பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு அங்கே சோறிட்டனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது காக்கப்பட்டு வருகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாக்காவின் வடக்கே, நெகிரி செம்பிலானை அடுத்துள்ள லூபோக் சீனாவிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழ்ந்த நம் முன்னோர், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, தடுப்பு முகாமில் நாள் கழித்து, இரப்பர்க் காட்டுக்குள் வந்தவர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது; உதவி பெற்று வரும் கூலிகளின் பயணத்தை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்தியது. அதுவரை வந்தவர் அனைவரும் இம்மண்ணில் ஒருநாள் அன்னியராய் நின்றவரே. மாமன் இல்லை, பங்காளி இல்லை. அடுத்த லயத்துக்காரன் கொடுத்த கஞ்சியே உறவாயிற்று. அந்த லயங்களிலும் சிலர் சாதிக்கொரு வரிசை வேண்டுமென்று கேட்டனர் என்பது வெட்கத்துக்குரிய உண்மை.

பின்னர் ஜப்பானியர் காலம் வந்தது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டு, 1943-ஆம் ஆண்டு அது முடிவதற்குள் காலராவிலும் பட்டினியிலும் மாண்டனர். அவ்வாண்டு சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து, தாமே போர்க்கைதிகளாயிருந்த மருத்துவர்கள், ஆசியத் தொழிலாளரைக் கவனிக்க இரு குழுக்களாக அனுப்பப்பட்டனர். காஞ்சனபுரியில் பூன்பொங் என்ற தாய்லாந்து வணிகர், முகாம்களுக்குப் பண்டம் விற்கும் சாக்கில் மருந்தும் பணமும் மறைத்துக்கொண்டு போய்க் கைதிகளுக்குக் கொடுத்தார். பிடிபட்டிருந்தால் அவர் உயிர் தப்பியிராது. அவருக்கும் அக்கைதிகளுக்கும் மொழி ஒன்றன்று, இனம் ஒன்றன்று.

இன்று இரப்பர் நின்ற இடத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. நம் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு அலோர் காஜாவுக்கும் மலாக்கா நகருக்கும் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வேலையை இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் பிறரும் செய்கின்றனர். நம் பாட்டன் நின்ற அதே நிலையில், மொழி தெரியாமல், கையில் ஒரு பையுடன், எந்தப் பஸ் எங்கே போகும் என்று அறியாமல் அவர்கள் நிற்கிறார்கள். நாமோ திருவிழா நாளில் தண்ணீர்ப் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, உபயகாரர் பெயரைப் பலகையில் எழுதி மோர் வார்க்கிறோம். அது நல்லதே, நாம் பழிக்கவில்லை. ஆயினும் மறுநாள் பஸ் நிறுத்தத்தில் நிற்பவனை "அவன் யாரோ" என்று கடந்து போவோமாயின், பந்தலில் வார்த்த மோர் யாருக்காக என்ற கேள்வி எழுகிறது.

இதற்குப் பொருட்செலவு பெரிதில்லை. கடை வாயிலில் ஒரு பானைத் தண்ணீரும் குவளையும் வைக்கலாம். கடிதமோ விண்ணப்பமோ படிக்கத் தெரியாதவனுக்குப் படித்துச் சொல்லலாம். மழையில் நடப்பவனை வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். மருத்துவமனையில் வழி தெரியாது தடுமாறுபவனை உரிய அறைவரை கொண்டுபோய் விடலாம். செய்தபின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அவன் பெயரைக் கேட்க வேண்டியதுமில்லை.

சுமைதாங்கிக் கல் எவனையும் ஊர் கேட்டதில்லை, குலம் கேட்டதில்லை. நம் முன்னோர் கல்லுக்குக் கொடுத்த அந்தக் குணத்தை, நாம் நம் நெஞ்சுக்குக் கொடுக்கக் கூடாதா?